மண்ணில் கூடிய தாய்மார்

எங்கள் ஊர் மன்னார்த் தீவில், பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில், வடகடலைப் பார்த்துக் கிடக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். சில இடங்களில் பேனையை நிறுத்திவிட்டு, "இதை விடுங்கோ அப்பா, சனம் கோவிக்கும்" என்கிறாள். விட மாட்டேன் என்றுதான் அவளை எழுத இருத்தியிருக்கிறேன்.

இவள் பெற்ற என் பேத்திக்கு மூன்று வயது நெருங்குகிறது. பிறந்தபோது அவள் உடனே அழவில்லை. மூச்சுக் கிடைக்கப் பிந்தியதில் மூளையில் ஏதோ பாதித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கழுத்து நிற்கப் பிந்தியது. ஒரு கை இறுகிக்கொள்ளும். தரையில் இருத்தினால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவாள். ஆனால் ஆளைப் பார்ப்பாள். மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் அது யாருடையது என்று அறிந்தவள் மாதிரித் திரும்புவாள். பகிடி என்று கண்டால் வயிறு குலுங்கச் சிரிப்பாள். எங்கள் வீட்டில் என் பகிடிக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

ஊரில் புதன்கிழமைதோறும் தாய்மார் கூட்டம் நடக்கிறது. கைக்குழந்தைக்காரிகளும் சின்னப்பிள்ளைக்காரிகளும் மீனவர் சங்க மண்டபத்தில் பாய் விரித்து வட்டமாக இருப்பார்கள். நடத்துவது மிஸி. வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற தாதியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இந்த மிஸி இளம் பெண், வவுனியாப் பக்கத்தவ. பால் ஊறாவிட்டால் என்ன செய்வது, பிள்ளைக்கு எதைத் தீத்துவது, இரவெல்லாம் விழித்திருக்கிற தாய் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் அங்கே கதைப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு மனம் ஒரு மாதிரி இருண்டுபோகும் காலம் ஒன்று உண்டு. புருசன் கடலுக்குப் போய்விடுவான். நாலு பெண்கள் கூடியிருந்து, "எனக்கும் அப்பிடித்தான்" என்று சொன்னால் அந்த இருட்டில் பாதி போகும். நல்ல கூட்டம். அதை நான் முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கூட்டத்துக்கு எதிரி என்று நினைப்பீர்கள்.

அந்தக் கூட்டத்துக்கு எங்கள் ஊர்க் கத்தோலிக்கப் பெண்கள் மட்டும் வருவதில்லை. பக்கத்துக் குடியிருப்பு முஸ்லிம் பெண்களும் வருவார்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, தாய் தகப்பன் துரத்தப்பட்ட மண்ணுக்குத் திரும்பி வந்தவர்கள். இந்தியாவில் அகதி முகாமில் பிறந்து, பிறகு இங்கே வந்த பெண்களும் உண்டு. அவர்கள் "பண்றேன், போறேன்" என்று பேசும்போது மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். நானும் அந்த முகாமில் கிடந்தவன்தான். அந்தப் பேச்சுக்கு நான் சிரிப்பதில்லை. அந்தப் பேச்சுக்காரர்கள் எங்களுக்குச் சோறு போட்டவர்கள்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

என் மகளும் பிள்ளையைக் கொண்டு கூட்டத்துக்குப் போனாள். மற்றப் பிள்ளைகள் இருந்து பந்து உருட்டுகின்றன. என் பேத்தியைப் பாயில் கிடத்தியிருக்கிறது. பந்து வட்டமாக வந்தது. அவள் பக்கம் வந்ததும் அவளைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போனது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கிடக்கிற பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று கை தானாகவே தாண்டியிருக்கும். ஆனால் அடுத்து நடந்தது அப்படியில்லை. எங்கள் ஊரில் இரண்டு இழுவைப்படகு வைத்திருக்கிற சம்மாட்டியின் பெண்சாதி, என் பேத்தியின் கையில் முட்டுப்பட்ட தன் மகனின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "தேப்பன் ஆமை வெட்டின பாவம் இது" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். மெல்லச் சொன்னால்தான் எல்லாருக்கும் கேட்கும்.

இதை எழுதும்போது என் மகள் தலை நிமிரவில்லை.

ஆமை வெட்டின பாவமாம். என் இளமையில் இந்தக் கரையில் கலியாணம், பெருநாள் என்றால் ஆமை இறைச்சிதான். இப்போது தொட்டால் பொலிஸ், மறியல்வீடு, அது வேறு. அந்தப் பாவம் மெய்யானால் தலைமன்னாரிலிருந்து பேசாலை வரை ஒருவரும் எழும்பி நடக்கக் கூடாது. என் மருமகன் ஒரு ஆமையைக்கூட வெட்டியவன் இல்லை. வெட்டியது நான். அந்தச் சம்மாட்டி பெண்சாதியின் தாயின் கலியாணப் பந்திக்கு ஆமை வெட்டியதும் நான்தான். அவவின் வம்சம் முழுதும் கைகால் சுகமாகத்தான் திரிகிறது.

மகள் அதன்பிறகு கூட்டத்துக்குப் போகவில்லை. பிறகு கோயிலுக்குப் போகவில்லை. பிறகு கடைக்கும் போகவில்லை. புதன்கிழமை தாய்மார் வீட்டு முன் ஒழுங்கையால் போகிற சத்தம் கேட்டால் முன்கதவைச் சாத்துவாள். மிஸி வீட்டுக்கு வந்தா. கதிரையில் இருந்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, அன்பாகத்தான் சொன்னா.

"அக்கா, மன்னார் டவுனில இப்பிடிப் பிள்ளைகளுக்கெண்டு ஒரு இடம் இருக்கு. நான் கதைச்சு விடுறன். அங்க பயிற்சி குடுப்பினம். இவவுக்கு அதுதான் சரியான இடம்."

நான் கேட்டேன். "பயிற்சிக்குப் போகட்டும், நல்லது. அப்ப புதன்கிழமை?"

"அங்க போனா இஞ்ச வரத் தேவையில்லைத்தானே அப்பு."

"இந்த ஊரில பிறந்த பிள்ளை. இந்த ஊர்ப் பிள்ளைகளோட இருக்கிறதுக்கு டவுனில எப்பிடிப் பழகிறது?"

மிஸி பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு எழும்பினா. நானும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அடுத்த புதன்கிழமை பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டுத் தோளில் போட்டேன்.

"அது தாய்மாருக்கான கூட்டம் அப்பா" என்றாள் மகள்.

"தாய் போகேல்லையெண்டா தேப்பன். தேப்பன் கடலில எண்டா நான்."

மண்டபத்து வாசலில் என்னைக் கண்டதும் உள்ளே சிரிப்பு. "என்ன அப்பு, பால் குடுக்க வந்தனீங்களோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பால் வத்திப்போச்சு பிள்ளை. வாய் மட்டும்தான் மிச்சம்" என்றேன்.

மிஸி எழும்பி வந்தா. பெண்கள் பால் கொடுக்கிற இடம், ஆம்பிளை உள்ளே இருக்க முடியாது என்றா. நியாயம். நான் மறுக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்ட முஸ்லிம் பெண்பிள்ளையைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. "பிள்ளையைத் தாங்கோ, நான் வச்சிருக்கிறன்" என்று மிஸி வாங்கினா. நான் வெளியே நின்றேன். ஆனால் கூட்டம் நடத்துகிற ஆள் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்க முடியுமா? யாரோ கூப்பிட, மிஸி பிள்ளையைச் சுவரோடு சாய்த்து இருத்திவிட்டு எழும்பியிருக்கிறா. சங்கத்துக்காரர் போன வருசம்தான் மண்டபத் தரைக்கு மாபிள் கல் பதித்தவர்கள். கண்ணாடி மாதிரி வழுக்கும். பிள்ளை சரிந்து தலை அடிபட்டுக் கத்தினாள்.

மிஸிக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்குத்தான் அப்பு சொன்னனான். இவவை இருத்துற கதிரை இஞ்ச இல்லை. டவுனில இருக்கு."

"கதிரை இல்லாட்டிப் பிள்ளை வெளியிலயோ?" என்று கேட்டுவிட்டுப் பேத்தியைத் தூக்கினேன். வெளியே வந்தேன். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை.

மண்டபத்தின் பக்கவாட்டில் பூவரசு நிற்கிறது. அதன் கீழே நல்ல வெள்ளை மணல். கொஞ்சம் தோண்டினால் ஈரம். அங்கே கிடந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையால் கிடங்கு, சின்னக் குழி ஒன்று, வெட்டத் தொடங்கினேன்.

இந்தக் கிடங்குக் கதையைச் சொல்ல வேண்டும். என் தாய் கருவாட்டு வாடியில் வேலை செய்தவ. அவவைப் போல ஏழெட்டுப் பெண்கள். எல்லாருக்கும் கைப்பிள்ளை. வெயில் ஏறுமுன் மீன் கீறி, உப்புப் போட்டுப் பரப்ப வேண்டும். பிள்ளையைச் சும்மா விட்டால் தவழ்ந்து தண்ணீருக்குப் போய்விடும். அதனால் மணலில் வரிசையாகக் கிடங்கு வெட்டி, இடுப்பளவுக்குப் பிள்ளைகளை இருத்திவிடுவார்கள். ஒரு பெண், அநேகமாகப் புதிதாகப் பிள்ளை பெற்று உடம்பு தேறாதவள், நிழலில் இருந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பாள். பசித்த பிள்ளைக்கு யாருடையது என்று பாராமல் பால் கொடுப்பாள். அவள் கத்தி தொடவில்லை என்று யாரும் அவளுக்குக் கறிமீன் பங்கைக் குறைத்ததில்லை. என் தம்பிக்குக் கால் பிறவியிலேயே சூம்பல். அவனும் அந்த வரிசையில்தான் இருந்தான். கிடங்குக்குள் இருக்கும்போது எவனுக்குக் கால் சூம்பல், எவனுக்கு இல்லை என்று யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் இடுப்புக்கு மேலேதான் ஊர்.

அந்தக் காலம் பொன்னான காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வயிற்றோட்டத்தில் பிள்ளைகள் செத்த காலம் அது. என் தாய்க்கே இரண்டு போனது. மிஸிமார் வரத் தொடங்கிய பிறகுதான் எங்கள் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கின. அந்தக் காலத்திலிருந்து எனக்கு வேண்டியது கிடங்கு மட்டும்தான்.

பேத்தியை உள்ளே இருத்தி, முதுகுப் பக்கம் கொஞ்சம் சரிவாக விட்டு, இடுப்பைச் சுற்றி மண்ணைத் தள்ளி அமத்தினேன். அப்போது மண்டபத்து யன்னலால் எட்டிப் பார்த்த முகாமில் பிறந்த இந்தியாக்காரப் பெண்பிள்ளை போட்டாளே ஒரு சத்தம்!

"ஐயையோ! தாத்தா புள்ளையப் பொதைக்கிறாரு! ஓடியாங்க!"

அவ்வளவு பேரும் ஓடி வந்தார்கள். ஒருத்தி பால் கொடுத்தபடியே வந்தாள். சம்மாட்டி பெண்சாதி என் கையிலிருந்த சிரட்டையைப் பறித்து எறிந்தாள். "விசர்க் கிழவன்! உயிரோட புதைக்கப் பாக்கிறான்! பொலிசுக்குப் போன் அடியுங்கோடி!" மிஸி முழந்தாளில் விழுந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளத் தொடங்கிவிட்டா.

என் பேத்திக்கு இது பெரிய பகிடி. இத்தனை முகம் ஒன்றாக அவளைக் குனிந்து பார்த்தது அதுதான் முதல்முறை. கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். மிஸியின் கை நின்றது. பிள்ளை நேராக இருந்தாள். சரியவில்லை. இரண்டு கையும் வெளியே. இறுகுகிற கையைக்கூட மண்ணில் மெல்ல அடித்துக்கொண்டிருந்தாள்.

மிஸி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினா. பிறகு சொன்னா: "அப்பு, இதால இவ நடப்பா எண்டு நினைச்சுப் போடாதேங்கோ."

"நடக்கிறதை ஆர் கேட்டது? இருக்கோணும். மற்றதுகளோட இருக்கோணும். அவ்வளவுதான்."

"உள்ளுக்க மண் இல்லையே அப்பு."

"அப்ப நீங்கள் வெளியில வாங்கோ."

யாரும் வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். போகட்டும் என்று இருந்தேன். அடுத்த புதனும் போனேன். அதற்கடுத்த புதனும். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூவரசின் கீழ் கிடங்கு வெட்டிப் பேத்தியை இருத்துவேன். வலை இழுக்கிறவர்கள் பாடுகிற அம்பாப் பாட்டு ஒன்றை இழுத்து விடுவேன். என் குரல் நல்ல குரல் இல்லை. மண்டபத்துக்குள் கேட்க வேண்டும் என்றுதான் பாடினேன்.

முதலில் வெளியே தவழ்ந்து வந்தது யார் தெரியுமா? சம்மாட்டி பெண்சாதியின் மகன். வந்து, என் பேத்தியின் கிடங்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று மண்ணில் அடித்தான். நான் வெட்டிக் கொடுத்தேன். தாய் வந்து பிடுங்கிக்கொண்டு போனாள். அவன் மண்டபம் இடியக் கத்தினான். விட்டதும் திரும்பவும் வந்தான். அவனுக்குப் பின்னால், முக்காடு போட்ட அந்தத் தாயின் இரட்டைக் குழந்தைகள். அவர்களுக்கும் கிடங்கு. கொஞ்ச நாளில் உள்ளே தாய்மார் வட்டமாக இருந்தார்கள், வெளியே பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள்.

மிஸி யன்னலால் தலையை நீட்டினா. "அப்பு, என்ர கூட்டத்தை நீங்கள் களவெடுக்கிறியள்."

"நான் ஒண்டையும் எடுக்கேல்லை பிள்ளை. கிடங்கு வெட்டுறன். அதுகள் தானா விழுகுதுகள்."

இரட்டைக் குழந்தைகளின் தாய்தான் முதலில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள். "உள்ளுக்க வெக்கையும் தாங்கேலா. புள்ளையள் இங்கயெண்டா நான் என்னத்துக்கு அங்க சுவரைப் பாத்துக்கொண்டு இருக்க?" என்று சொல்லிக்கொண்டே பூவரசின் கொப்பில் ஒரு சேலையைக் கட்டி மறைப்புச் செய்தாள். "அப்பா, நீங்க அங்கால திரும்பி இருங்க. இது பால் குடுக்கிற பக்கம்."

அங்கால திரும்பினேன். என் பின்னால் ஒவ்வொரு பாயாக விழுகிற சத்தம் கேட்டது.

சம்மாட்டி பெண்சாதிதான் கடைசி. வாசலில் நின்றுகொண்டு, "மண்ணுக்குள்ள பூனை பேண்டிருக்கும், புழு ஏறும்" என்றாள். பொய்யில்லை. மிஸியும் அதைத்தான் சொன்னா. அன்றிலிருந்து கரையில் அலை கழுவுகிற இடத்து மணலைக் கொண்டுவந்து, அரிதட்டால் அரித்துப் போட்டோம். எல்லாப் பிள்ளைக்கும் கை கழுவ வாளியும் சவர்க்காரமும் வந்தது. யார் சொன்னால் என்ன, சரியானதைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த அரிதட்டைச் சம்மாட்டி பெண்சாதியின் கையிலேயே கொடுத்தேன்.

பிறகு ஒரு புதன்கிழமை மகளிடம் சொன்னேன். "எனக்கு நாரி பிடிச்சுப்போச்சு, குனிய ஏலாது. பிள்ளையை நீ கொண்டு போ."

"உங்கட நாரிக்கு ஒண்டும் இல்லை. முந்தநாள்தான் கூரைக்கு ஏறினனீங்கள்."

"அதாலதான் பிடிச்சது."

வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு போனாள். அன்று நடந்ததை நான் பார்க்கவில்லை. இதை எழுதுகிற இவளே எனக்குச் சொன்னது. பந்து வட்டமாக வந்திருக்கிறது. பேத்தியிடம் வந்ததும் நின்றிருக்கிறது. எல்லாரும் காத்திருந்தார்களாம். அவள் கையைத் தூக்குகிறாள், கை வேறு பக்கம் போகிறது, திரும்பவும் தூக்குகிறாள். ஒருவரும் பந்தைத் தள்ளி உதவவில்லை, ஒருவரும் தாண்டிப் போகவும் இல்லை. கடைசியில் பந்து அசைந்தது. சம்மாட்டியின் மகனின் கிடங்குவரை உருண்டது.

அப்போதுதான் என் மகள் அவனுடைய தாயைப் பார்த்துப் பேசினாளாம்.

"அக்கா, ஆமை வெட்டினது என்ர அப்பா. என்ர புருசன் இல்லை. நீங்களும் திண்டனீங்கள், நானும் திண்டனான். என்ர பிள்ளையில ஒரு பாவமும் இல்லை. இன்னொருக்கா அந்தக் கதை என்ர காதில விழுந்தா, நான் எழும்பிப் போகமாட்டன். இஞ்சயே இருந்து சத்தம் போடுவன்."

"நான் என்னடி இப்ப சொன்னனான்?" என்று மற்றவள் மண்ணை அரிக்கத் தொடங்கினாளாம். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கேட்பாள் என்று நாங்களும் காத்திருக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. மாரி வந்தது. எங்கள் ஊர் மாரி ஊசி மாதிரிச் சரிந்து அடிக்கும். பூவரசின் கீழ் கிடங்கெல்லாம் தண்ணீர். மிஸி சொன்னா, மழை விடும்வரைக்கும் மண்டபத்துக்குள் பாயில் இருப்போம் என்று. அன்று நானும் வாசலில் நின்றேன். எல்லாரும் என் மகளைப் பார்த்தார்கள். பாய் என்றால் என் பேத்தி திரும்பவும் கிடக்க வேண்டியதுதான். பந்து திரும்பவும் தாண்டிப் போகும். அது எல்லாருக்கும் தெரிந்தது.

மகள் மழைக்குள் இறங்கினாள். பிளாஸ்டிக் பேசின் ஒன்றை எடுத்தாள், ஈர மணலை நிரப்பினாள், இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போய், நடு மாபிளில் கொட்டினாள். திரும்பி வந்தாள். இரட்டைக் குழந்தைகளின் தாய் அடுத்த பேசின். இந்தியாக்காரப் பிள்ளை மீன்பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். சம்மாட்டி பெண்சாதி தன் மகன் கிடங்கு கேட்டு அலறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் ஒரு வாளியைத் தூக்கினாள். என் பேத்திக்காக இல்லை, தன் காதுக்காக. ஏன் என்று கேட்க நான் போகவில்லை. மணல் மணல்தான்.

சங்கச் செயலாளர் குடையோடு ஓடி வந்தார். "என்ன அநியாயம் இது! மாபிள் கீறும்! இது மீனவர் சங்க மண்டபம், மாட்டுக் கொட்டில் இல்லை!"

என் மகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். தலைமயிரால் தண்ணீர் ஒழுகுகிறது. "நாங்கள் ஆர் அண்ணை? மீனவன்ர பெண்சாதி. இதுகள் மீனவன்ர பிள்ளையள். பிறகு ஆருக்கு இந்த மண்டபம்?"

"இதைக் கூட்டத்தில வச்சுத்தான் முடிவெடுக்கோணும். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். அதுவரைக்கும் மண்ணை வெளியில அள்ளுங்கோ."

"அள்ளமாட்டம். ஞாயிற்றுக்கிழமை வாறம். பிள்ளையளோடதான் வருவம். நீங்கள் கதிரையில இருங்கோ, எங்கட பிள்ளையள் மண்ணில இருக்கட்டும்."

செயலாளர் மிஸியைப் பார்த்தார். அரசாங்க உத்தியோகம், ஏதாவது சொல்வா என்று நினைத்திருப்பார். மிஸி மண் தூக்கவும் இல்லை, தூக்காதே என்று சொல்லவும் இல்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, மணலுக்குள் கால் வைத்து இறங்கி, "சரி, எல்லாரும் வட்டமா வாங்கோ" என்றா.

ஞாயிற்றுக்கிழமை போனோம். ஆம்பிளைகள் நிறையக் கத்தினார்கள், பிள்ளைகள் அதைவிட நிறையக் கத்தின. ஒரு முடிவும் வரவில்லை. முடிவு வராததால் மணல் அங்கேயே கிடக்கிறது. பழைய படகுப் பலகையால் சுற்றி ஒரு சட்டம் அடித்திருக்கிறோம்.

என் பேத்தி இப்போது டவுனுக்கும் போகிறாள். பயிற்சி கொடுக்கிறார்கள், அவளுக்கு அளவாகக் கதிரை ஒன்று செய்வதாகவும் சொல்லியிருக்கிறார்கள். நல்லது. அங்கேயும் போகட்டும். புதன்கிழமை மட்டும் யாரும் அவளை வேறு எங்கேயும் கூப்பிட வேண்டாம். புதன்கிழமை முடிகிற நேரம் செயலாளர் தும்புத்தடியோடு வாசலில் வந்து நின்று, மாபிளில் சிந்திய மணலைக் கூட்டுவதற்காகத் தொண்டையைச் செருமுகிறார். அவர் செருமிக்கொண்டு நிற்கட்டும். பந்து இன்னும் என் பேத்தியிடம்தான் நிற்கிறது. அவள் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் அவசரம் இல்லை.